காலையில் நூல் வெட்டாத மெஷின்

இதை எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டு, மகளின் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர், ரேஷன் கார்டு விண்ணப்பம், அவ்வளவுதான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். பேச வராதவள் எழுத உட்காரலாமா என்று பேனாவை இரண்டு முறை மூடி வைத்துவிட்டேன். ஆனாலும் ஒரே ஒரு நாள், ஓர் அறையில் இருந்த எல்லோரையும் விட எனக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது. அந்த நாளை வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று தோட்டக்காரர்கள் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, உள்ளே நடக்க வழியில்லாமல் அடைத்துக்கொண்டன. குன்னூருக்குக் கீழே ஒரு ஃபேக்டரியில் நான் தூள் சலிக்கும் வேலையில் இருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கேயே இலை உலர்த்தும் டிரையரில் இருந்தார். இலை வரத்து குறைந்ததும் ஃபேக்டரி வாரத்துக்கு மூன்று நாள் ஓடியது, பிறகு ஒரு நாள் ஓடியது, பிறகு கேட்டில் பூட்டுத் தொங்கியது. அவர் மலைச் சரிவில் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்து இலையைப் பொறுக்கித் தைலம் காய்ச்சும் கொட்டகைக்குப் போனார். நான் எம்பிராய்டரி மெஷினுக்குப் போனேன்.

அந்த மெஷினை வாங்கியவர் கோயமுத்தூர்க்காரர். குன்னூர் கடைத்தெருவுக்கு மேலே ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார். ஊட்டியில் இருக்கும் போர்டிங் பள்ளிக்கூடங்களுக்கு ஸ்வெட்டரும் கோட்டும் போகும். அவற்றின் மார்பில் பள்ளியின் பேட்ஜ் இருக்க வேண்டும். அதை மலைக்குக் கீழே தைத்து வாங்குவதற்குப் பதிலாக இங்கேயே தைக்கலாம் என்று, திருப்பூர்ப் பக்கமிருந்து பழைய மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் இருந்த அறையில் போட்டார். வேலைக்கு நாங்கள் இரண்டு பேர். என்னோடு இருந்தவள் கேத்தியிலிருந்து வருவாள். வயதில் மூத்தவள், தையல் தெரிந்தவள், சர்ச்சில் பாடுகிறவள். வாய் அதிகம். அவளை அக்கா என்று கூப்பிடுவேன்.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வரிசையாகப் பன்னிரண்டு ஊசி, பன்னிரண்டு நிறத்தில் நூல். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிப் பொத்தானை அழுத்தினால் அதுவே மலையும் விளக்கும் வரைந்து, சுற்றிலும் பள்ளியின் பெயரைத் தைக்கும். பெயரில் இருபத்திரண்டு எழுத்து. ஓர் எழுத்து முடிந்ததும் நூலை மெஷினே வெட்டிவிட்டு அடுத்த எழுத்துக்குத் தாவ வேண்டும். அதற்காக ஊசி இறங்கும் தகட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கத்தி இருக்கிறது. பாதி விரல் நீளம்தான், வளைந்திருக்கும். அது வெளியே வந்து நூலை அள்ளிக்கொண்டு திரும்பிப் போய், அசையாமல் இருக்கும் இன்னொரு கத்தியோடு உரசி வெட்டும். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

துணிக்கு அடியில் பசைத் தாள் ஒட்டித் தைப்போம். அந்தப் பசை ஊசியிலும் தகட்டிலும் ஒட்டிக்கொள்ளும். தினமும் சாயங்காலம், அக்கா கேத்தி பஸ்ஸுக்கு ஓடிய பிறகு, நான் தகட்டைக் கழற்றி எல்லாவற்றையும் தைலம் போட்டுத் துடைத்து வைப்பேன். எங்கள் ஊரில் தைலம் எதற்குத்தான் ஆகாது? சளிக்கு, மூட்டு வலிக்கு, சட்டையில் பட்ட மைக்கு, பாத்திரத்தில் ஒட்டிய லேபிளுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். பசை நொடியில் விட்டுவிடும். கத்தியும் பளபளக்கும். வீட்டுக்காரர் கொட்டகையிலிருந்து கொண்டுவருகிற சுத்தமான தைலம், கடையில் கிடைக்காதது, என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. யாரும் செய்யச் சொல்லவில்லை. செய்கிறேன் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் மாதம் நன்றாக ஓடியது. குளிர் இறங்கியதும் தொல்லை ஆரம்பித்தது. காலையில் மெஷினைப் போட்டால் "டக்" சத்தம் வராது. "டொக்" என்று மந்தமாக ஒன்று கேட்கும். கத்தி போகும், முழுதாகத் திரும்பாது. வெட்டாத நூல் அடுத்த எழுத்து வரை இழுபட்டு, பேட்ஜின் மேல் துணி காயப்போடும் கொடி மாதிரி நிற்கும். சில நேரம் ஊசியிலிருந்து நூலே உருவிப் போய்விடும். அடியில் நூல் பந்தாகச் சுருண்டுகொள்ளும். திரையில் சிவப்பு எழுத்து வந்து மெஷின் கீச் கீச் என்று கத்தும். கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத் திரும்பப் போட்டால், இரண்டு எழுத்துக்கு ஒரு முறை நிற்கும். பத்தரை, பதினொரு மணிக்குத் தானாகவே சரியாகிவிடும். அதன் பிறகு சாயங்காலம் வரை ஒரு குறையும் இருக்காது. ஞாயிறு விட்டுத் திங்கள் வந்தால் நிலைமை படுமோசம்.

ஊசியை மாற்றினோம். நூலை மாற்றினோம். அடி நூலின் இறுக்கத்தைக் கூட்டினோம், குறைத்தோம். காலையில் கரண்ட் கம்மியாக வருகிறது என்று ஒருவர் சொல்ல, முதலாளி அதற்கும் ஒரு பெட்டி வாங்கி மாட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. பள்ளியிலிருந்து ஒரு கட்டு பேட்ஜ் திரும்பி வந்தது. எழுத்துகளுக்கு நடுவே நூல் தொங்குகிறது என்று துண்டுச் சீட்டில் எழுதியிருந்தார்கள்.

கோயமுத்தூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் காலையில் அங்கே பஸ் ஏறி, மலை ஏறி, எங்கள் அறைக்குள் வரும்போது மணி பன்னிரண்டு. மெஷினைப் போட்டார். டக், டக், டக்.

"எங்கம்மா வெட்டலை? கத்தியாட்டம் வெட்டுதுங்களே!" என்றார்.

"கத்தி கத்தியாட்டந்தானுங்க வெட்டோணும். காலையில அகப்பையாட்டம் இருந்துச்சு" என்றாள் அக்கா.

"காலையில நாலு பேட்ஜ் கெட்டுப்போச்சுங்க" என்று முதலாளி எடுத்துக் காட்டினார்.

"துணியைச் சரியாக் கட்டீருக்க மாட்டாங்க" என்று சொல்லி, மெக்கானிக் டீ குடித்துவிட்டு இறங்கிவிட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. துணி கட்டுவது என் வேலை.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார், அதே பன்னிரண்டு மணிக்கு. மெஷின் அதே மாதிரி அழகாக வெட்டியது. வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, கத்தி தேய்ந்திருக்கும் என்று சொல்லிப் புதுக் கத்தி மாட்டி, உள்ளே எல்லாவற்றையும் கழுவி எண்ணெய் விட்டுப் போனார். பழைய கத்தியைக் காகிதத்தில் சுற்றி மேஜை டிராயரில் போட்டார். அது வியாழக்கிழமை. அன்று மத்தியானமே நான் நாத்தனார் ஊரான இத்தலாருக்குக் கிளம்பிவிட்டேன். நாத்தனார் மகளுக்குச் சீர். வெள்ளி, சனி இரண்டு நாளும் லீவு.

திங்கட்கிழமை காலையில் போனால் அக்கா வாசலிலேயே சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏம்புள்ள, இன்னொரு வாரம் இத்தலார்லயே இருந்திருக்கலாமல்ல? ரெண்டு நாளும் காலையில ஏழரைக்கே டக்குடக்குன்னு வெட்டுச்சு. நீ இல்லாட்டித்தான் அதுக்குச் சந்தோசம்."

அன்றும் நன்றாகவே வெட்டியது. செவ்வாய்க்கிழமை காலை இரண்டு முறை நின்றது. புதன்கிழமை பழைய கதை.

"பாத்தீங்களா? நாஞ் சொன்னனில்லீங்களா? இவ வந்தா அது மொகத்தைத் தூக்கிக்குது. கைராசி அப்பிடி" என்றாள் அக்கா. விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் முதலாளி சிரிக்கவில்லை. மூன்று வாரமாக அவர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

"ஏம்மா, நீங்க கொஞ்ச நாளைக்கு மெஷின் பக்கம் போக வேண்டாம். கத்தரியை எடுத்துக்கிட்டு நூலை மட்டும் வெட்டுங்க" என்று என்னிடம் சொன்னார். பிறகு இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை மெக்கானிக் கடைசியா ஒருக்கா வாறார். அதுலயும் ஆகலைன்னா சனிக்கிழமை லாரி வருது. மெஷினைக் கீழேயே அனுப்பீரலாம். எனக்கு ஸ்வெட்டர் கடை போதும்."

மெஷின் இறங்கினால் எங்கள் வேலையும் அதோடு இறங்கும். குன்னூரில் அப்போது வேறு வேலை எங்கே இருந்தது? பூட்டிய ஃபேக்டரி கேட்டுகள்தான் இருந்தன. அன்று முழுவதும் மூலையில் உட்கார்ந்து நூல் வெட்டினேன். கைராசி என்ற சொல் முள் மாதிரி உள்ளேயே நின்றது. அது பொய் என்றால், நான் இருக்கும்போது மட்டும் அந்த அறையில் நடப்பது என்ன? அக்கா செய்யாமல் நான் மட்டும் செய்வது என்ன? துணி கட்டுவது இல்லை. நான் இல்லாத இரண்டு நாளும் அவளும் அதே மாதிரிதான் கட்டியிருக்கிறாள். யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் வீட்டுக்காரர் நெஞ்சில் தடவத் தைலம் கேட்டார். வீட்டுப் பாட்டிலை எடுத்தேன். மூடி திறக்கவில்லை. முந்தானையைச் சுற்றித் திருகினேன், அசையவில்லை.

"கைவலி எதுக்கு? அடுப்போரம் காட்டு புள்ள, தானா விடும். தெனமும் நாந்தானே அப்பிடித் தெறக்கறேன்" என்றார் அவர்.

அடுப்பின் பக்கத்தில் பிடித்தேன். சற்று நேரத்தில் மூடி லேசாகச் சுழன்று வந்துவிட்டது. பாட்டில் கழுத்தைச் சுற்றிப் பழுப்பாகப் பிசின் மாதிரி ஒன்று படிந்திருந்தது. விரல் ஒட்டியது. நான் மூடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"தைலத்தைக் குடு புள்ள, குளுருது!" என்று அவர் சத்தம் போட்ட பிறகுதான் நினைவு வந்தது.

அறைக்குப் போனதும், அக்கா வருவதற்கு முன்னால், டிராயரிலிருந்து பழைய கத்தியை எடுத்தேன். பார்வைக்குப் பளபளப்பாகத்தான் இருந்தது. அது தகட்டோடு உரசும் அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினேன். பழுப்பாகச் செதில் செதிலாக வந்தது. ஃபேக்டரியில் இலை அரைக்கும் ரோலரில் சாறு காய்ந்து இறுகினால் இப்படித்தான் இருக்கும். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். திறந்து பார்த்தால் அந்தப் பழுப்பு இளகிப் பிசுபிசுத்தது.

எல்லாம் விளங்கிவிட்டது. தைலம் பசையை எடுக்கிறது, அதோடு மெஷின் எண்ணெயையும் எடுத்துவிடுகிறது. தைலம் காற்றில் போய்விடும். அதிலிருக்கும் பிசின் மட்டும் தங்கிவிடும். இரவுக் குளிரில் அது இறுகிக் கத்தியைப் பிடித்துக்கொள்கிறது. மெஷின் ஓடிச் சூடேறினால் இளகி விட்டுவிடுகிறது. ஞாயிறு முழுவதும் ஓடாமல் இருந்தால் இன்னும் நன்றாக இறுகுகிறது. மெக்கானிக் எந்த நாளும் குளிர்ந்த மெஷினைப் பார்த்ததே இல்லை. நான் இத்தலாரில் இருந்த இரண்டு நாளும் தைலம் போட ஆள் இல்லை.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் குற்றவாளி நான். மூன்று வாரமாகப் பேட்ஜைக் கெடுத்தவள், மெக்கானிக்கை இரண்டு முறை மலையேற வைத்தவள், கரண்ட் பெட்டியை வாங்க வைத்தவள் எல்லாம் நானே. வியாழக்கிழமை முழுவதும் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் தைலத்தைத் தொடவும் இல்லை. ஆனால் முன்பே படிந்தது எங்கே போகும்? வெள்ளிக்கிழமை காலையிலும் மெஷின் எட்டு முறை நின்றது.

பன்னிரண்டு மணிக்கு மெக்கானிக் வந்தார். போட்டார். டக், டக், டக்.

"இதுக்கு மேல என்ன பண்றதுங்க? மெஷின்ல கோளாறே இல்லை. எனக்கு ஒண்ணும் தெரீலீங்க" என்று கையை விரித்தார்.

முதலாளி டெலிபோனை எடுத்தார். லாரிக்காரருக்குத்தான். எண்ணைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன், இந்த முறை கத்தியே விட்டேன் போல. "ஏனுங்க! ஒரு ரெண்டு மணி நேரம் பொறுங்க!"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாளில் அந்த அறையில் நான் உரக்கப் பேசியது அதுதான் முதல் முறை.

"அண்ணா, நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். "அதுக்குள்ள நான் மெஷினை நிறுத்தி வெக்கறேன். நீங்க வந்து போடுங்க. அப்ப தெரியும்."

"என்னம்மா தெரியும்?"

"நீங்க பாக்காததுங்க."

மெக்கானிக் முதலாளியைப் பார்த்தார். முதலாளி டெலிபோனை வைத்தார். "அதையுந்தான் பாத்திருவோம். வாங்க, சாப்பிட்டு வரலாம்" என்றார்.

அவர்கள் போனதும் மெஷினை அணைத்தேன். பள்ளத்தாக்குப் பக்கத்து ஜன்னலை முழுதாகத் திறந்தேன். நல்லவேளை, மத்தியான மூடுபனி மேலே ஏறிக்கொண்டிருந்தது. புகை மாதிரி உள்ளே வந்து நூல் கண்டுகளின் மேல் படர்ந்தது.

"பைத்தியம் புடிச்சிருச்சா? பனியில செத்துருவோம்" என்று அக்கா ஷாலை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். ஜன்னலை மட்டும் மூடவில்லை. அதற்கு நான் அவளுக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

இரண்டரை மணிக்கு இருவரும் வந்தார்கள். ஊட்டிக்குப் போகிறவர் மாதிரி மெக்கானிக் குல்லாய் போட்டிருந்தார். மெஷினைப் போட்டார். முதல் எழுத்து டொக். இரண்டாவது எழுத்து டொக். மூன்றாவதில் சிவப்பு எழுத்து, கீச் கீச். வெட்டாத நூல் பேட்ஜின் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் குனிந்து அதையே பார்த்தார்.

"அட! நிசமாத்தான் சொல்லீருக்கீங்க" என்றார். "எதனால இப்பிடி?"

"தப்பு என்னுதுங்க" என்றேன். "தெனமும் சாயங்காலம் நாந்தான் தைலம் போட்டுத் தொடச்சேன். தைலத்துல பிசின் இருக்குதுங்க. குளுர்ல எறுகிக் கத்தியைப் புடிச்சுக்குது. சூடானா விட்டுருது."

மெஷின் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பிறகு அக்கா வெடித்துச் சிரித்தாள்.

"அடிப்பாவி! அதானா ஊரெல்லாம் இருமிக்கிட்டுக் கெடந்தப்ப இந்த மெஷினுக்குச் சளியே புடிக்கலே!"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர.

மெக்கானிக் பையிலிருந்து பெட்ரோல் பாட்டிலை எடுத்தார். தகட்டைக் கழற்றக் குனிந்தவர், என்ன நினைத்தாரோ, நிமிர்ந்து திருப்புளியை என்னிடம் நீட்டினார். "நீங்களே பண்ணுங்க. தெனமும் கழட்டுன கையி." நான் இரண்டு திருகாணியையும் கழற்றித் தகட்டை எடுத்தேன். கத்தியை எடுத்தேன். பஞ்சில் பெட்ரோல் தொட்டுப் பள்ளம் பள்ளமாகத் துடைத்தேன். பஞ்சு பழுப்பாக வந்தது, மறுபடி பழுப்பாக வந்தது, பிறகு வெள்ளையாகவே வந்தது. அவர் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், ஒரே சொட்டு. எல்லாவற்றையும் மாட்டினேன்.

முதலாளி ஜன்னலை மூடப் போனார்.

"வேண்டாமுங்க, தெறந்தே கெடக்கட்டும்" என்றேன்.

மூடுபனியில் எதிர்ச் சுவரே மங்கலாகத் தெரிந்தது. மெஷின் சில்லென்று இருந்தது. புதுத் துணியைக் கட்டினேன். ஏனோ, அன்று அந்தச் சட்டத்தை நான்தான் கட்ட வேண்டும் என்று நினைத்தேன். பொத்தானை அழுத்தினேன். மலை வந்தது. விளக்கு வந்தது. முதல் எழுத்து முடிந்தது.

டக்.

அக்கா எண்ண ஆரம்பித்தாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." பத்துக்கு மேல் முதலாளியும் சேர்ந்துகொண்டார். பதினெட்டுக்கு மேல் மெக்கானிக்கும் எண்ணினார். நான் எண்ணவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டாவது முறையும் டக் என்று வெட்டி மெஷின் தானாக நின்றது. அக்கா சர்ச்சில் பாடுகிற குரலில் "அல்லேலூயா!" என்று கத்தினாள். பேட்ஜை எடுத்துப் பார்த்தேன். மேலே ஒரு நூல் இல்லை. திருப்பிப் பார்த்தேன், அடியிலும் சுத்தம்.

"திருப்பூர்ல எத்தனையோ கம்பெனி ஏறி எறங்கீருக்கேன், இந்த மாதிரி பாத்ததில்லீங்க" என்றார் மெக்கானிக். "அங்க குளுரும் இல்லை, தைலமும் இல்லை." பிறகு தன் நோட்டை எடுத்து, நான் சொன்னதை என்னிடமே இன்னொரு முறை கேட்டு எழுதிக்கொண்டார். படித்த ஆள், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். முதலாளி டெலிபோனை எடுத்து லாரி வேண்டாம் என்று சொன்னார். என்னைப் பார்த்து, "நாளையிலிருந்து மெஷின் உங்க பொறுப்பு" என்றார். கைராசியைப் பற்றி அக்கா அதன் பிறகு பேசவே இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது வீட்டுக்காரர் முதலில் முறைத்தார். "ஊரே என்ற தைலத்தை மூட்டு வலிக்குத் தேச்சுக்குது. உன்ற மெஷினுக்கு மட்டும் ஒத்துக்கலையாக்கும்?" என்றார். முழுக் கதையையும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவை, நான் கத்திய இடம் வந்ததும், "நீயா கத்துனே?" என்று நிறுத்திக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நம்பவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஏழரைக்கு மெஷினைப் போட்டோம். மத்தியானத்துக்குள் முப்பத்தாறு பேட்ஜ் முடிந்தது. இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வராததால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.